ஆவாதுன்னு சொன்ன கம்ப்யூட்டர்

"…அதே வாயால அவளுக்கும் சொல்லிடுங்கண்ணா. எனக்குச் சொன்னீங்க இல்ல, ஒரு வார்த்தை கூட்டாம, ஒரு வார்த்தை குறைக்காம, அதே மாதிரி."

இதைச் சொன்னபோது அவள் என் கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். குரல் உயரவில்லை. அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பக்கத்தில் ஜெராக்ஸுக்காக நின்ற ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அவளுக்கும்' என்றது தன் அண்ணன் பெண்டாட்டிக்கு. 'அதே வாய்' என்றது என் வாய். அந்த வாய் இவளுக்கு என்ன சொல்லியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆந்திர எல்லையோரத்துப் புத்தூரில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் பத்தோடு சரி. தமிழ் எழுத்து, பஸ் போர்டையும் பொட்டலக் காகிதத்தையும் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தது. கம்ப்யூட்டர், திருப்பதியில் ஒரு கடையில் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றது. எங்கள் ஊருக்கு எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள், "எலும்புக்கா? அந்தப் பக்கம் இறங்கு. கம்ப்யூட்டருக்கா? இந்தப் பக்கம் இறங்கு" என்று என் கடையைக் காட்டுவார்கள். அதைக் கேட்க எனக்குக் கொள்ளை ஆசை. பேச்சு என்றால் எனக்கு உயிர். யாராவது நல்ல சொலவடை ஒன்றைப் போகிறபோக்கில் சொன்னால் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி வைத்துக்கொள்வேன். என் அம்மா மட்டும், "வாய் இனிக்கிறவன் வூட்ல எறும்பு சாஸ்தி" என்பாள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். யாரைச் சொன்னாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

கடை இருக்கிற கட்டடம் ஒரு பெரியவருடையது. மாந்தோப்பு வைத்திருப்பவர். ஊரில் நாலு பேர் கூடினால் நடு நாற்காலி அவருக்கு. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவான், தூங்குவான், போவான். அவனுடைய பெண்டாட்டிதான் நான் சொல்கிற இவள். மகளை நாராயணவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். யாருக்கு? இவளுடைய அண்ணனுக்கு.

பெண்ணைக் கொடுத்துப் பெண்ணை எடுத்த சம்பந்தம். ஒரே பந்தல், ஒரே சாப்பாடு, ஒரே மேளம், இரண்டு தாலி. எங்கள் பக்கம் இது சகஜம். செலவும் மிச்சம், சண்டையும் மிச்சம் என்பார்கள். செலவு மிச்சம் என்பது உண்மை. இவளுக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி, அதனால் அண்ணி. அவளுக்கும் இவள் அண்ணன் பெண்டாட்டி, அதனால் இவளும் அண்ணி. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சம்பந்தத்தைப் பற்றி ஒரு கிழவி என் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னது சிரிப்பு இல்லை: "அந்த வூட்ல அடிச்சா இந்த வூட்ல வீங்கும்." அதையும் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன். ஆகா, என்ன சொல்! இதுதான் என் புத்தி. சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்வேன், வீக்கத்தை விட்டுவிடுவேன்.

இவள் டிகிரி படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். ஆஸ்பத்திரி பில்லையும் இன்சூரன்ஸ் பாரத்தையும் ஒப்பிட்டுத் திருத்துகிற வேலை. சொந்தக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். கல்யாணத்துக்கு முன்பே அப்பன் வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப்பைச் சீரோடு சீராகக் கொண்டுவந்திருந்தாள். வேலை கைக்கு வந்ததும் நாராயணவனத்து அண்ணியையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டாள். போனில் மணிக்கணக்காக உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவளும் இவள்தான்.

கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பழைய விண்டோஸ் இருக்கிற கம்ப்யூட்டரில் இனி லாகின் ஆகாது. புது விண்டோஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றாதவர்களின் ஐடி மூடப்படும். ஒவ்வொரு டீமாக. இவள் டீமுக்கு வருகிற ஒன்றாம் தேதி. அண்ணி டீமுக்கு அதற்கடுத்த மாதம்.

எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நாளைக்கு வந்து பாக்கறீங்களா? ஏத்திக் குடுத்துட்டா ஒரு பெரிய பாரம் இறங்கிடும்." வருகிறேன் என்றேன்.

அன்றைக்கே பெரியவர் கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நைனா, மருமக உன்னை வரச்சொல்லிச்சாமே?"

"ஆமா பெரியப்பா. புது விண்டோஸ் ஏத்தணுமாம்."

"ஏறுமா?"

"பார்த்தாத்தான் தெரியும். அந்த மாடல்ல ஏறணும்."

"ஏறும்னா ஏறாதுன்னு சொல்லு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் எதையும் உடைக்கச் சொல்லலைப்பா. ஒரே வார்த்தை. 'காது'ன்னு தெலுங்குல சொல்லுவியோ, 'ஆவாது'ன்னு தமிழ்ல சொல்லுவியோ, அது உன் இஷ்டம்."

"ஏன் பெரியப்பா? நல்லா சம்பாரிக்குதே பொண்ணு."

"அதாம்பா. எம்புள்ளையவிட சாஸ்தி சம்பாரிக்குது. பேச்சு மாறிப்போச்சு. சோறு போடும்மான்னா 'பத்து நிமிசம் மாமா, போன் கால்ல கீறேன்'ங்குது. என் வூட்ல என் சோத்துக்கு நான் லைன்ல நிக்கணுமா?"

"அப்ப நம்ம பொண்ணு? நாராயணவனத்துல அதுவும் இதே வேலைதானே செய்யுது?"

அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அது நம்ம பொண்ணு இல்லியா? நாலு காசு சம்பாரிச்சாத்தான் அந்த வூட்ல மதிப்பா நடத்துவாங்க. அது பொட்டிய மட்டும் நல்லா ரெடி பண்ணிக் குடுத்துடு, இன்னா?"

எழுந்தார். போகிறவர் என் கடை ஷட்டரை ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது. "துருப் புடிச்சிப் போச்சேப்பா. புதுசு மாத்தச் சொல்லி ஆளை அனுப்பறேன்" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நான் ரோஷப்பட்டிருப்பேனோ என்னவோ. அன்பாகச் சொன்னதால் தலையாட்டினேன். பத்தே நிமிஷத்தில் முடிந்தது.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் அவள் மேசை. அறைக்கு ஒரு கதவு இருந்தது. எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, மேசையில் இருந்த காகிதங்களை ஒதுக்கி, பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிறவள் மாதிரி கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தாள். மாமியார் வாசற்படியில் வந்து சாய்ந்துகொண்டாள்.

"வாப்பா. எங்க வூட்ல இந்தப் பொட்டிதான் மருமக. இவ அதுக்குப் பூசை பண்ற பூசாரி."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் சும்மாத்தான் கீறேன். நீதான் எப்பவும் பிசி." மாமியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பொட்டி செத்தாத்தான் இந்த வூட்ல உலை கொதிக்கும் போலக்கீது, இன்னாப்பா?"

நான் சிரித்தேன். யார் ஜோக் சொன்னாலும் சிரிப்பது என் பழக்கம்.

புது விண்டோஸ் ஏறுமா என்று பார்க்க ஒரு சின்ன புரோகிராம் உண்டு. அதை ஓட்டினேன். ஒரு நிமிஷம் சுற்றிவிட்டு, இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு காட்டியது. காரணம் கீழே எழுதியிருந்தது. போர்டில் பாதுகாப்புக்கு என்று டிபிஎம் என ஒரு வசதி இருக்கும். அது அணைந்து கிடந்தது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் விழிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தி, பயாஸ் என்கிற இடத்துக்கு உள்ளே போய், 'ஆஃப்' என்று இருப்பதை 'ஆன்' ஆக்க வேண்டும். வீட்டில் மெயின் சுவிட்சைப் போடுகிற வேலை. கூடவே ஹார்ட் டிஸ்கில் ஒரு சின்ன மாற்றம், கொஞ்சம் மெமரி. எனக்கு அது பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவளுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

"அண்ணா, இதுல டிபிஎம்னு போட்டுக்கீதே, அது பயாஸ்ல ஆஃப்ல இருந்தா இப்டித்தான் காட்டுமாம். ஆன் பண்ணா வந்துடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. ஒருவாட்டி பாருங்களேன்."

சரியான கேள்வி. என் கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள்கூட இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, வாசற்படியில் நின்ற மாமியாரையும், அவளுக்குப் பின்னால் வந்து நின்ற பெரியவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"வீடியோ பார்த்து நீயே ஆபரேஷன் பண்ணிடுவியாம்மா? அப்புறம் எங்களுக்கெல்லாம் இன்னா வேலை? உள்ள போய் ஒண்ணு கிடக்க ஒண்ணு மாத்தினா போர்டு கருகிடும். உன் பைல் எல்லாம் போய்டும். அப்புறம் அந்த வீடியோக்காரன் வந்து அழுவானா?"

மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டாள். எனக்குத் தெரிந்த வரையில், சரியாகக் கேட்டதற்காக ஒருத்தி வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப ஆவாதாண்ணா?"

"ஆவாதும்மா."

"திருப்பதிக்கு எடுத்துக்கினு போய் ஒருவாட்டி காட்டட்டுமா?"

"அங்க போனாலும் இதேதான். பஸ் சார்ஜ் தண்டம்."

அங்கேயே நாயுடுபேட்டைக்குப் போன் போட்டாள். புருஷன், "அவரே பார்த்துட்டாரா? அவரே சொல்லிட்டாரா? அப்ப விடு" என்றான். 'அவரே' என்றது என்னை. ஒரு சமயம் அவள் மவுஸில் சக்கரம் சுழலவில்லை என்று கொண்டுவந்தபோது, அதில் சுற்றியிருந்த தலைமுடியை எடுத்துவிட்டு, ஒரு பைசா வாங்காமல், "புதுசு வாங்காதேம்மா, இது நல்லாத்தான் கீது" என்று அனுப்பியவன் நான். அந்த மவுஸ் நேர்மைக்குத்தான் அன்றைக்கு அந்த வீட்டில் விலை கிடைத்தது. நல்லவன் என்று பேர் வாங்கியவன் சொல்கிற பொய்க்குச் சாட்சியே தேவையில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று கேட்டிருக்கிறாள். "பழசுக்கே இந்த ஆட்டம்" என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். சம்பளம் புருஷன் கணக்குக்குத்தான் போகிறது. கையில் இருந்தால்தானே வாங்க.

நான் வண்டியைக் கிளப்பும்போது கேட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, சம்பளம் போனா போவட்டும். அதை நான் கண்ணாலகூட பாக்கறது இல்ல. காலைல ஒம்போதுலர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நான் ஒரு கதவைச் சாத்திக்கலாம். இந்த வூட்ல எனக்கு இருக்கறது அவ்ளோதான். ஏதாச்சும் வழி கீதாண்ணா?"

இப்படி ஒருத்தி கேட்கும்போது வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய் அந்த ஒரு சுவிட்சைப் போட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷினுக்கு வயசாயிடுச்சும்மா. மனுசனுக்கே முடியாமப் போனா விட்டுடறோம் இல்ல, இது பொட்டிதானே" என்றேன். சொல்லிவிட்டு, பரவாயில்லையே, நல்ல வாக்கியமாக வந்துவிட்டதே என்றுகூட நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே என் கடைக்குப் புது ஷட்டர் வந்தது. பச்சை நிறம். ஒரு கையால் தூக்கினால் போதும், எண்ணெய் மாதிரி ஏறியது.

ஒன்றாம் தேதி அவள் ஐடியை மூடிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஓர் ஆட்டோவில் அந்தக் கம்ப்யூட்டர் என் கடைக்கு வந்து இறங்கியது. டிரைவரிடம் பெரியவர் சொல்லியனுப்பியிருந்தார்: "குப்பையில போடறதுக்கு நீயே வெச்சிக்கோ." கூலி மாதிரி அல்ல, பிரசாதம் மாதிரி.

அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. சும்மா இருக்கிற கை. மூடியைக் கழற்றி ஊதினேன். அணைந்து கிடந்ததை ஆன் செய்தேன். என் டிராயரில் கிடந்த மெமரி ஒன்றைச் சொருகினேன். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்குவதற்குள் புது விண்டோஸ் ஏறி, நீல வெளிச்சத்தோடு வணக்கம் சொன்னது. பழைய கம்ப்யூட்டர் என்று அடித்துச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள், அப்படி ஓடியது. என் கடை மேசையில் இருந்த கம்ப்யூட்டர் இதைவிட மந்தம். அதைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு இதை மேசைமேல் ஏற்றினேன். பிரிண்ட், ஜெராக்ஸ், அப்ளிகேஷன் எல்லாம் இதில்தான்.

ஏற்றும்போது ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தேன். நாலு பக்கமும் துடைத்தேன். முன்பக்கம் மட்டும் துடைக்கவில்லை. போன ஆயுத பூசைக்கு அவள் வைத்த மஞ்சள் குங்குமம் அங்கே இருந்தது. எல்லோரும் நடுவில் ஒரு பொட்டு வைப்பார்கள். அவள் ஆன் செய்கிற பொத்தானைச் சுற்றிப் பூ மாதிரி எட்டுப் பொட்டு வைத்திருந்தாள், ஒவ்வொன்றும் மோதிர விரல் நுனி அளவு. துணி அங்கே போனதும் என் கை நின்றுவிட்டது. சாமிக்கு வைத்ததை எப்படித் துடைப்பது? பாவம் இல்லையா? இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் உண்மையாகவே என்னையே கேட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். பொய் சொல்ல நாக்குக் கூசாதவனுக்குக் குங்குமம் துடைக்கக் கை கூசியது. எங்கள் ஊரில் பக்தி அப்படித்தான்.

இதற்கு நடுவில் நாராயணவனத்து அண்ணியின் டீமுக்கு முறை வந்தது. அவள் தன் கம்ப்யூட்டரில் அதே புரோகிராமை ஓட்டி, அதே சிவப்புக் குறியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, பேசியும் அனுப்பியிருந்தாள்: "அண்ணா, நம்மளுதுலயும் செகப்பா காட்டுது. ஆவும்னு சொல்லுங்கண்ணா, பயமா கீது." வெகுளிப் பெண். அப்பன் என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குக் கிளம்பும் முன்பு கடையைத் திறந்து வைத்திருந்தேன். இவள் வந்தாள். சசிவாலயம் என்கிற அரசாங்க ஆபீஸில் ஏதோ பாரம் கொடுக்க வேண்டுமாம், ஆதாருக்கு ஒரு பிரிண்ட் வேண்டும். இளைத்திருந்தாள். வேலையைப் பற்றி நானே கேட்டேன், கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று.

"வேலை போய், ரூமும் போச்சுண்ணா. அங்க மூட்டை அடுக்கிட்டாங்க. கதவைக் கழட்டி மோட்டார் ரூமுக்கு மாட்டிட்டாரு மாமா. இப்ப மோட்டார்தான் கதவைச் சாத்திக்கினு கீது."

ஜோக்தான். நான் சிரிக்கப் போனேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

போனிலிருந்து அதை எனக்கு அனுப்பினாள். நான் பிரிண்ட் கொடுத்துவிட்டு, காகிதம் எடுக்கப் பின்பக்கம் திரும்பினேன். திரும்பி வந்தபோது அவள் மேசைமேல் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐகான் எல்லாம் கீழ நடுவுல கீதே. இதானாண்ணா புது விண்டோஸ்?"

"ஆமாம்மா."

"எங்க டீம்ல மத்தவங்க போட்டோ போட்டாங்க. நேர்ல இப்பத்தான் பாக்கறேன்."

அப்போதுதான் அவள் கண் கீழே இறங்கியது. கையை நீட்டி, பொத்தானைச் சுற்றி இருந்த எட்டுப் பொட்டையும் மோதிர விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒவ்வொன்றிலும் அவள் விரல் நுனி பொருந்தி உட்கார்ந்தது.

ஜெராக்ஸுக்கு வந்த ஆள் தன் பாட்டுக்குப் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது வந்தும்மா…" என்றேன். "ஆவாதுன்னுதான் நான் நெனச்சேன். அப்புறம் சும்மா ஒருவாட்டி…"

"பயாஸ்ல ஆன் பண்ணீங்களா?"

தலையாட்டினேன்.

"போர்டு கருவலையா?"

"இல்ல."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அரை நாள்."

"அரை நாள்" என்று அவளும் சொன்னாள். "மாமா சொன்னாரா?"

புது ஷட்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் தண்ணீர் கொடுக்கலாம், நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம், அதெல்லாம் எனக்கு நன்றாக வரும். அவள் அழவில்லை.

"கம்பெனிக்கு எழுதிப் பாரேம்மா, திரும்ப எடுத்துப்பாங்க. இதையே நான் உனக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

"என் இடத்துல ஆள் போட்டாச்சுண்ணா. எழுதிப் பாத்துட்டேன்." பிறகு கேட்டாள்: "அண்ணி உங்களுக்குப் போட்டோ அனுப்பிச்சாளாமே. அவ வூட்டுக்கு எப்ப போறீங்க?"

"இன்னிக்கு. உன்னை அனுப்பிட்டு."

"அவளுதும் இதே மாதிரிதானே? ஆன் பண்ணா ஏறிடும்?"

"ஏறிடும்."

"அப்ப போவாதீங்க." அதற்குப் பிறகுதான் சொன்னாள், அதே வாயால அவளுக்கும் சொல்லிடுங்கண்ணா என்று.

"ஐயோ வேணாம்மா. அந்தப் பொண்ணு உனக்கு இன்னா பண்ணுச்சு?"

"நான் யாருக்கு இன்னா பண்ணேன்?"

"அது உன்மேல உயிரா கீதும்மா. நீதானே அதுக்கு வேலை வாங்கிக் குடுத்தே."

"நான் குடுத்தது. நானே எடுத்துக்கறேன்."

"அது தப்பும்மா."

"தப்புதாண்ணா" என்றாள், உடனே ஒப்புக்கொண்டு. "மாமாவுக்கு என் கண்ணுத் தண்ணி தெரியாது. அவர் பொண்ணு கண்ணுத் தண்ணின்னா தெரியும். அவ அங்க சோத்துக்கு உலை வெச்சிக்கினு கதவு இல்லாம உக்காரட்டும், அப்ப அவருக்கு நான் உக்காந்தது புரியும். எனக்கு வேற பாஷை தெரியலை."

"நான் சொல்ல மாட்டேம்மா. இன்னொருவாட்டி என்னால முடியாது."

"சரி, சொல்லாதீங்க." பிரிண்டை எடுத்து நாலாக மடித்தாள். "நேரா வூட்டுக்குப் போறேன். 'மாமா, கம்ப்யூட்டர் அண்ணா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு, மனசு கேக்கலைன்னு அவரே கூப்பிட்டுச் சொன்னாரு'ன்னு சொல்றேன். நீங்க இல்லைன்னு சொல்லிக்கோங்க. உங்க வாய் இன்னா வாய்னு அவருக்கும் தெரியும்."

கடை அவருடையது. ஷட்டர் அவருடையது. மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் இவளுடையது. என்னுடையது என்று அந்தக் கடையில் இருந்தது காலண்டர் தாள்கள் மட்டும்தான். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஜெராக்ஸ் ஆள், "அண்ணா, எனக்கு லேட் ஆவுது" என்றான். அவனுக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். கை பழக்கத்தில் அதுபாட்டுக்கு வேலை செய்தது. அவள் காத்திருந்தாள்.

அவன் படி இறங்கியதும் அவள் தன் போனை எடுத்தாள். அங்கே இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அண்ணி, துன்னியா?" என்றாள் இவள். அவ்வளவு நேரம் என்னிடம் பேசிய குரல் இல்லை அது. தங்கமான குரல். "பாப்பா ஸ்கூலுக்குப் போச்சா? … இல்ல, கடைத் தெருவுலதான் கீறேன், கம்ப்யூட்டர் அண்ணா கடைல. நீ அனுப்பின போட்டோவைத்தான் பாத்துக்கினு கீறாரு. … எனக்கு இன்னா தெரியும்? இரு, அவரே சொல்றாராம்."

ஸ்பீக்கரைப் போட்டாள். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, போனை என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"அண்ணா?" என்றது நாராயணவனத்துக் குரல். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "ஆவுமாண்ணா?"

நான் போனைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அதை இன்னும் ஒரு விரற்கடை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள்.